உட்கார வைப்பதற்கு முன்னால்: வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு ஓ.டி. எப்படி உதவும்?

"பையனை ஓ.டி.க்கு அனுப்புங்க" என்று மதுரையில் டாக்டர் சொன்னதும் என் மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கம் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். ரயில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள், பேரனுக்குத் தலையில் ஆபரேஷன் என்று பெட்டியில் இருந்த பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டார். ஒரு பாட்டி ஏர்வாடிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார், இன்னொருவர் திருப்புல்லாணிக்கு.

டாக்டர் சொன்னது ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறை சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். 'தொழில்' என்று பார்த்ததும் தையல் மெஷின், கூடை பின்னுவது என்று நினைவு ஓடும், எனக்கும் ஓடியது. இங்கே ஆக்குபேஷன் என்றால் ஒரு மனுஷனின் நாளை நிரப்புகிற வேலைகள் எல்லாமே. பெரியவர்களுக்குச் சம்பாத்தியம், சமையல், பிரயாணம். ஒரு பிள்ளைக்குப் பல் தேய்ப்பது, சட்டை போடுவது, விளையாடுவது, பென்சில் பிடிப்பது, கல்யாண வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் நிற்பது. இந்த வேலைகளில் எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, எதை மாற்றினால் முடியும் என்று பார்க்கிற படிப்புதான் ஓ.டி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்தப் படிப்புப் படித்தவள் இல்லை. ஒன்பது வயதுப் பையனை மூன்று வருடமாக வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற அம்மா. அவனுக்கு ஆட்டிசம், கூடவே ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காத, துறுதுறுப்பு அதிகமான நிலை. இவை இரண்டும், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்ப்ராக்சியா (உடம்பு அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் சிரமம்) மாதிரியானவையும் சேர்ந்ததைத்தான் இப்போது நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். மூளை வேலை செய்கிற விதம் பெரும்பாலோரைப் போல இல்லாதவர்கள் என்று புரிந்துகொண்டால் போதும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பது தனிக்கதை, ஒரு வருடத்தில் முக்கால்வாசியை பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்தே கழித்தான் என்பதோடு விட்டுவிடுகிறேன். மதுரைக்குப் போக வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும் என்பதால் மாதம் ஒருமுறை ஓ.டி. மேடத்தை நேரில் பார்ப்போம், நடுவில் வீடியோ கால். இதில் இருப்பது அவரிடம் கற்றுக்கொண்டதும், கற்றுக்கொண்டதைத் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதும்தான்.

வீட்டுப் பள்ளி ஆரம்பித்தபோது நான் செய்த முதல் காரியம் வீட்டில் ஒரு பள்ளிக்கூடத்தை உண்டாக்கியது. மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டைம் டேபிள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பாடம். பத்தாவது நிமிடத்தில் அவன் நாற்காலியிலிருந்து வழிந்து மேஜைக்கு அடியில் போய்விடுவான். "உட்காரு, உட்காரு, உட்காரு" என்று நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணியிருந்தால் அதுவே ஒரு கணக்குப் பாடம் ஆகியிருக்கும். அப்புறம் ஒரு வீடியோ காலில் இதைக் காட்டினேன். மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவனை விடுங்கம்மா, அவன் காலைப் பாருங்க" என்றார். கால் தரையைத் தொடவில்லை, அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கால் ஊன்ற இடம் இல்லாவிட்டால் உடம்பு விழாமல் இருப்பதற்கே பாதிக் கவனம் போய்விடும், மிச்சம் இருப்பதில்தான் அவன் வாசிக்க வேண்டும். இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலுக்கடியில் வைத்தேன். அன்றைக்குப் பதினாறு நிமிடம் உட்கார்ந்தான்.

ஓ.டி.யின் மொத்தக் கணக்கும் அந்தச் செங்கல்லில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிள்ளை, வேலை, இடம் என்று மூன்று இருக்கின்றன. நாம் எப்போதும் பிள்ளையை மட்டுமே திருத்தப் பார்க்கிறோம், ஓ.டி. மற்ற இரண்டையும் முதலில் தொடும், ஏனென்றால் அவற்றை மாற்றுவது சுலபம், யாருக்கும் வலிக்காது.

இனி கொஞ்சம் அறிவியல். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன் படித்திருக்கிறோம். ஓ.டி.க்காரர்கள் இன்னும் மூன்றைச் சேர்ப்பார்கள். தசைகளும் மூட்டுகளும் 'கை இங்கே இருக்கிறது, இவ்வளவு அழுத்துகிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது ஒன்று, இதைத் தசை உணர்வு என்று வைத்துக்கொள்வோம். அலையில் வல்லம் ஆடும்போது விழாமல் நிற்க உதவுகிற, உள்காதில் இருக்கிற சமநிலை உணர்வு இரண்டாவது. பசி, தாகம், ஒன்றுக்கு வருவது, நெஞ்சு படபடப்பது இதையெல்லாம் உள்ளேயிருந்து சொல்லும் உணர்வு மூன்றாவது. இந்த மூன்றாவது என் மகனுக்கு ரொம்ப மந்தம். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு கிடந்தாலும் தாகம் என்று அவனுக்குத் தெரியாது, எரிச்சல் மட்டும் வரும், புத்தகத்தைத் தூக்கி எறிவான். அதனால் தண்ணீர் குடிப்பதும் எங்கள் டைம் டேபிளில் ஒரு பாடம்.

இந்தப் புலன் செய்திகளை மூளை சேர்த்துக் கோர்க்கிற விதத்துக்கும் படிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1972-இல் ஒரு புத்தகமே எழுதியவர் ஏ. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. அம்மையார். ஆட்டிசத்தைக் கண்டறிவதற்கான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் விதிமுறைகளில், சத்தம், தொடுகை, வெளிச்சம் மாதிரியானவற்றுக்கு அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது 2013-இல்தான் ஒரு அடையாளமாகச் சேர்ந்தது. அதுவரைக்கும் இது 'அடம்' கணக்கில்தான் இருந்தது, எங்கள் தெருவில் இன்னும் அந்தக் கணக்குதான்.

அளவு என்பதை மேடம் பாத்திரத்தை வைத்துச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு உள்ளே டம்ளர், சிலருக்கு அண்டா. டம்ளர் என்றால் கொஞ்சம் ஊற்றினாலே வழிந்துவிடும், காதைப் பொத்திக்கொண்டு ஓடும். அண்டா என்றால் எவ்வளவு ஊற்றினாலும் போதாது, குதிக்கும், இடிக்கும், சட்டைக் காலரைக் கடிக்கும். இதில் குழப்பமான விஷயம், ஒரே பிள்ளைக்கு ஒரு புலனில் டம்ளரும் இன்னொன்றில் அண்டாவும் இருக்கும். என் மகனுக்குச் சத்தத்தில் டம்ளர், அசைவில் அண்டா. தானே கத்திக்கொண்டு ஓடுவான், குக்கர் விசில் அடித்தால் அழுவான். "அவன் போடுற சத்தம் மட்டும் அவனுக்குக் கேக்கலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தான் போடுகிற சத்தம் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும், விசில் எப்போது வரும் என்று தெரியாது.

இப்போது எனக்கு மிகவும் கைகொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதை ஹெவி வொர்க் என்பார்கள், கனமான வேலை. தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, பிழிவது, மெல்லுவது. தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கிற இந்த மாதிரி காரியங்கள் நிறையப் பிள்ளைகளை ஒரு நிலைக்குக் கொண்டுவருகின்றன, துள்ளுகிறவனும் அடங்குவான், தூங்கி வழிகிறவனும் விழிப்பான். இதற்காக இணையத்தில் பந்து, டிராம்போலின், கனமான ஜாக்கெட் என்று என்னென்னவோ விற்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு அது எதற்கு? எங்களிடம் தண்ணீர் வண்டி இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவோமே, அதுதான். காலையில் நான் குழாயடிக்குப் போகும்போது அவனும் வருவான். போகும்போது காலி வண்டியை அவனே தள்ளுவான், வரும்போது மூன்றே மூன்று குடம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன். மணலில் சக்கரம் புதையும் இடத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை வளைத்துத் தள்ளுவதைப் பார்க்க வேண்டும். அதை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் என்னால் பாடம் நடத்த முடிகிறது. வண்டி ஓடாத நாளில் அது கால் மணி நேரம். இது அவன் கணக்கு, உங்கள் பிள்ளைக்கு வேறாக இருக்கும்.

வண்டி இல்லாதவர்கள் ஈரத் துணியைப் பிழியச் சொல்லலாம், சப்பாத்தி மாவு பிசையச் சொல்லலாம், அரிசிப் பையை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு இழுக்கச் சொல்லலாம். தூக்குகிற எடையில் மட்டும் கவனம் வேண்டும். பள்ளிப் பைக்கு 2020-இல் மத்திய அரசு சொன்ன வரம்பு பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு, இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. சுமக்கிற எதற்கும் அதையே நான் வைத்துக்கொள்கிறேன். கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். தண்டனையாக வண்டி தள்ளச் சொன்னால் அது தெரபி இல்லை, வேலை வாங்குவது.

மெல்லுவதும் கனமான வேலைதான் என்று தெரிந்ததும் காலர் கடிக்கிற பிரச்சினைக்கு வழி கிடைத்தது. தை மாதம் முழுக்க அவிச்ச பனங்கிழங்கு. அதன் நார் தாடைக்குக் கொடுக்கிற வேலையை எந்த ரப்பர் பொம்மையும் கொடுக்காது. கிழங்கு இல்லாத மாதங்களில் முறுக்கு, வறுத்த கடலை, பதநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது. சின்னப் பிள்ளைகளுக்குக் கடலை புரையேறும், பக்கத்தில் இருங்கள்.

இப்படி உடம்புக்கு என்ன தேவையோ அதை நாள் முழுக்கப் பகுத்துக் கொடுப்பதற்கு சென்சரி டயட் என்று பெயர், 1984-இல் பட்ரீசியா வில்பார்கர் என்ற ஓ.டி. வைத்த பெயர். டயட் என்று கேட்டதும் மைதா, பால், சர்க்கரை எதை நிறுத்த வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எந்தச் சாப்பாட்டை நிறுத்துவது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊஞ்சல் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சேலையில் தூளி கட்டி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பெரும்பாலும் அமைதியாவார்கள். அதையே சுற்றினால் கதை வேறு. சுற்றுவது சமநிலை உணர்வுக்குப் போகிற பலத்த செய்தி, சில பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சுற்றச் சொல்வார்கள், பலன் அரை மணி நேரம் கழித்து வாந்தியாகவோ அழுகையாகவோ வரும். முகம் வெளுத்தால், வியர்த்தால், திடீரென்று கொட்டாவி விட்டால் நிறுத்திவிட வேண்டும். வலிப்பு இருக்கிற பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் சுற்றவே கூடாது.

சரி, பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது? அமெரிக்க ஓ.டி.க்கள் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, உடம்பை எஞ்சினோடு ஒப்பிட்டு, இப்போது உன் எஞ்சின் வேகமா, மந்தமா, சரியா என்று பிள்ளையையே கேட்பது. அவர்கள் காரை நினைத்துச் செய்திருப்பார்கள் போல. என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர், இவனுக்குப் படகு எஞ்சின் சத்தம் மனப்பாடம். "எஞ்சின் எப்படி இருக்கு?" என்று கேட்டால் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவான். தட தட என்று மெதுவாக வந்தால் ஒரு குதியாட்டம் போட்டுவிட்டு ஆரம்பிப்போம். ரேஸ் ஆகிற சத்தம் வந்தால் அன்றைக்குக் கணக்கு கிடையாது, முதலில் வண்டி. 'எனக்குக் கோபமா இருக்கு' என்று சொல்ல வராத பிள்ளை தன் உடம்பைப் பற்றி முதல்முதலாக எனக்குத் தகவல் சொன்னது இந்தச் சத்தத்தில்தான்.

அடுத்தது இடம். எங்கள் தெருவில் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும், மாதா கோயில் மணியும் கேட்கும், ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ரேடியோவும் கேட்கும். இவற்றை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நேரம் தெரிந்த சத்தத்துக்குத் தயாராகலாம், பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனே காதுக்கு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறான். நாள் முழுக்க மாட்டிவிடக் கூடாது, காது அந்த அமைதிக்கே பழகி, கழற்றும்போது எல்லாம் இன்னும் பெரிதாகக் கேட்கும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். கருவாடு காய்கிற நாட்களில் தெற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வடக்கு அறையில் உட்காருகிறோம். ஓலைப் பாய் சில பிள்ளைகளுக்கு சுகம், இவனுக்குத் தொடையில் குத்துகிறது, அதனால் மேலே ஒரு பழைய வேட்டி. இவ்வளவுதான் இடத்தை மாற்றுவது. காசு செலவாகிற விஷயம் இதில் ஒன்றுமில்லை.

எழுத்துக்கு வருவோம். 'அ'வில் ஆரம்பிக்கிறோம் இல்லையா, எழுதிப் பாருங்கள், அதில் ஒரு சுழி இருக்கிறது, ஒரு வளைவு இருக்கிறது, படுக்கைக் கோடு இருக்கிறது, நிற்கும் கோடு இருக்கிறது. பிள்ளையின் கை வளர்கிற வரிசை வேறு. பொதுவாக நிற்கும் கோடு முதலில் வரும், அப்புறம் படுக்கைக் கோடு, வட்டம், கூட்டல் குறி, அதற்கும் பின்னால் சாய்கோடு, சதுரம், முக்கோணம். கை இன்னும் கோட்டிலேயே நிற்கிற பிள்ளைக்கு 'அ' கொடுத்தால், அது எழுதத் தெரியாமல் அழாது, எழுதவே மாட்டேன் என்று முடிவெடுக்கும். 'ட'வில் ஆரம்பியுங்கள். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அப்புறம் 'ப'. அப்புறம் கொஞ்சம் வளைத்து 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதலாம். முதல் வாரமே வார்த்தை எழுதிவிட்ட பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும். இனா, ஞானா எல்லாம் பின்னால் வரட்டும், எங்கேயும் ஓடிப்போகாது.

எதில் எழுதுவது என்பதும் உண்டு. அலை வந்து திரும்பிய ஈர மணலில் விரலால் எழுதும்போது மணல் எதிர்த்துத் தள்ளும், அந்த எதிர்ப்பு தசை உணர்வுக்குப் போய் எழுத்தின் உருவத்தைக் கைக்குச் சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதித்தான் பழக்கினார்கள், அதை எடுத்துக்கொள்ளலாம், பிரம்பை மட்டும் அங்கேயே விட்டுவிடலாம். சில பிள்ளைகளுக்கு ஈர மணல் கையில் ஒட்டுவதே ஆகாது. அவர்களுக்கு ஒரு குச்சி கொடுங்கள், அல்லது தட்டில் உலர்ந்த அரிசி. மணலுக்கு அடுத்தது சுவர். நிமிர்ந்த சுவரில் சாக்பீஸால் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கி, விரல்கள் பிடிக்க வேண்டிய விதத்தில் பிடிக்கும், தோளுக்கும் வேலை. முழு சாக்பீஸ் வேண்டாம், உடைந்த துண்டு கொடுங்கள், துண்டைக் கைமுழுக்கப் பொத்திப் பிடிக்க முடியாது, மூன்று விரலால்தான் பிடித்தாக வேண்டும். துணிக் கிளிப்பை அழுத்திப் போடுவது, பல்லாங்குழியில் சோழியை ஒவ்வொன்றாகப் போடுவது, அஞ்சாங்கல் ஆடுவது எல்லாம் அதே விரல்களுக்கான பாடம்.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் பார்க்க நினைப்பது கையெழுத்தா, விடையா? விடைதான் என்றால் வாயால் சொல்லட்டும். நாங்கள் வகுத்தலை சிப்பியில் செய்கிறோம். கரையில் மீனைக் கூறு போட்டு விற்பதை அவன் தினமும் பார்க்கிறான், அதனால் "இருபத்துநாலு சிப்பிய நாலு கூறு போடு" என்றால் நிமிடத்தில் போட்டுவிடுவான். அதையே நோட்டில் எழுது என்றால் வகுத்தலும் போகும், அன்றைய நாளும் போகும். கூறு போடத் தெரிந்த பிள்ளைக்கு வகுத்தல் தெரியும், நோட்டு மெதுவாக வரட்டும். பெரிய பரீட்சைகளில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது.

சட்டை போடுவது, செருப்பு மாட்டுவது மாதிரி வேலைகளுக்குப் பின்னாலிருந்து பழக்குகிற ஒரு முறை உண்டு. ஐந்து பட்டன் இருக்கிறது என்றால் நாலை நான் போட்டுவிடுவேன், கடைசிப் பட்டனில் பாதியை ஓட்டைக்குள் நுழைத்துவிடுவேன், இழுத்து முடிப்பது மட்டும் அவன் வேலை. அது கைவந்ததும் கடைசிப் பட்டன் முழுக்க அவனுடையது, அப்புறம் கடைசி இரண்டு. ஒவ்வொரு நாளும் 'முடிச்சிட்டேன்' என்ற இடத்தில்தான் அவன் நிற்கிறான். முன்னாலிருந்து பழக்கினால் ஒவ்வொரு நாளும் 'முடியலை'யில் நிற்பான். இதற்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அப்பத்தா இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டிருப்பார், அந்த ஏழு வாரமும் அவர் கையைப் பிடித்துவைப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

நாளின் வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வண்டி, தோசை, எழுத்து, தூளி, சிப்பி, குளியல் என்று நானே கோணல்மாணலாகப் படம் வரைந்து ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். முடிந்ததை அவனே கழற்றி டப்பாவில் போடுவான். வாயால் சொல்கிற வரிசை காற்றில் போய்விடும், தொங்குகிற வரிசை அங்கேயே இருக்கும். அப்பா கடலுக்குப் போகிற நாளுக்கு ஒரு படகு, வீட்டில் இருக்கிற நாளுக்கு ஒரு கட்டில்.

இந்தக் கட்டில் படம் ஏன் வந்தது என்றால், முதல் வருடம் மீன்பிடித் தடைக்காலத்தை நான் மறந்துவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர் திடீரென்று பகல் முழுக்க வீட்டில், டி.வி. ஓடுகிறது, வலை பழுதுபார்க்கிற கூட்டாளிகள் வருகிறார்கள், தூளி கட்டுகிற இடத்தில் அவர் படுத்திருக்கிறார். இவனுக்கு உலகமே இடம் மாறிவிட்டது. இரண்டு வாரம் சட்டை போடவில்லை, சாப்பாட்டில் சோறு தவிர எதையும் தொடவில்லை, அதுவரை கற்றுக்கொண்டது எல்லாம் போய்விட்டது என்றே நான் நினைத்தேன். போகவில்லை, மேலே நிறைய கொட்டிவிட்டதால் அடியில் கிடந்தது. இப்போது ஏப்ரல் ஒன்றாம் தேதியே கட்டில் படத்தை ஒவ்வொரு நாளாகச் சேர்க்க ஆரம்பித்துவிடுகிறேன், அப்பாவுக்கும் ஒரு பாடவேளை உண்டு. வலைக் கண்ணி எண்ணுவது, கயிறு இழுப்பது. கணக்கும் ஆச்சு, கனமான வேலையும் ஆச்சு.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் மீது தனி ஈர்ப்பு உண்டு, சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துபோகிற பழக்கமும் பலருக்கு உண்டு, இரண்டும் சேர்ந்து நீரில் மூழ்கும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட அவர்களுக்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் வாசலைத் தாண்டினால் கடல். கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அக்கம்பக்கத்து ஆட்களிடம் 'இவன் தனியாக வந்தால் பிடித்துவையுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது, முடிந்தவரை சீக்கிரம் நீச்சல். அலை இல்லாத வடகடல் பக்கம் ஆழமில்லை என்று நம்பி விட்டுவிடாதீர்கள். மணல் பாடம் நடத்தும்போது என் ஒரு கை எப்போதும் அவன் சட்டையில் இருக்கும்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்டால் நேர்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். புலன் சார்ந்த சிகிச்சைகளுக்கு ஆதாரம் குறைவு, பெற்றோரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் சொன்னது. 2022-இல் பிரிட்டனில் 138 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், அந்தச் சிகிச்சையை முறைப்படி பெற்றவர்களுக்கும் வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களுக்கும் எரிச்சல் குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதேசமயம், எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே சின்னச் சின்னதாக உடைத்து வீட்டில் திரும்பத் திரும்பப் பழக்குவதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. அதனால் என் அபிப்பிராயம் இது: வண்டி தள்ளினால் ஆட்டிசம் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வண்டி தள்ளினால் முக்கால் மணி நேரம் பாடம் நடக்கிறதா என்று உங்கள் வீட்டிலேயே இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள், நடந்தால் வைத்துக்கொள்ளுங்கள், நடக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிரஷ்ஷால் உடம்பைத் தேய்ப்பது, கனமான போர்வை போர்த்துவது மாதிரியானவற்றை வீடியோ பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள். நான் ஒருமுறை பிரஷ் வாங்கித் தேய்த்தேன். அவனுக்குத் தொடுகையில் டம்ளர் என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. நாலு நாள் என் பக்கத்தில் வரவில்லை.

எங்கே உதவி கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சிறு குழந்தை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் பற்றிக் கேளுங்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே சிறப்புப் பயிற்றுநர் வருகிற ஏற்பாடு அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது, உங்கள் வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். பரீட்சைக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் நிலைகளும், 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்பும் எழுதலாம். தனியார் ஓ.டி.யிடம் போனால் அந்தப் பட்டப்படிப்புப் படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டு உங்களை வெளியே உட்கார வைக்கிற இடத்தைவிட, உங்களையும் உள்ளே கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கிற இடம் நல்லது. மதுரையில் ஓரிடத்தில் ஆறு மாதம் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம், உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் கடைசியில் கேட்கப்போவது 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடம்?' என்பதுதான், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். புத்தகம் திறந்திருக்கிற நேரம் எங்கள் வீட்டில் ஒன்றே கால் மணி. இடையில் தூளி. தண்ணீர் வண்டி, பட்டன், மாவு பிசைவது, சிப்பிக் கூறு எல்லாவற்றையும் பாடம் என்று சேர்த்துக்கொண்டால் நாள் முழுக்க. நாளைக்கே ஆரம்பிக்க நினைத்தால் எதையும் வாங்க வேண்டாம், ஒரு பழைய நோட்டில் ஒரு வாரம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பாடத்திலிருந்து எழுந்து ஓடினான், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன சத்தம், என்ன வாசனை, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தான், கால் தரையைத் தொட்டதா.